அலறும் வாளை நம்பலாமா?

பழைய சங்கிலி வாள் ஒன்றின் உடல். கடையில் வாங்கிய புதிய சிலிண்டரும் பிஸ்ரனும். வேறொரு வாளிலிருந்து கழற்றிய காபரேற்றர். எங்கோ மலிவாகக் கிடைத்த தட்டும் சங்கிலியும். இவற்றையெல்லாம் சேர்த்து, இளைஞன் ஒருவன் தன் வீட்டுக் கொட்டிலிலே ஒரு மரமரியும் வாளைப் பொருத்தி முடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆவலோடு கயிற்றை இழுக்கிறான். பத்து முறை இழுத்தும் அசைவில்லை. பதினோராவது முறை சீறிக் கிளம்புகிறது. ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. உடனே அவன் கை திருப்புளியை நாடுகிறது. காபரேற்றரில் தெரிகின்ற திருகாணியை இப்படி ஒரு சுற்று, அப்படி இரண்டு சுற்றுத் திருகுகிறான். பிழை அங்கேதான் ஆரம்பமாகிறது.

நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. இயந்திரத்துக்கும் நாடி உண்டு. அது ஓடுவதற்கு வேண்டியவை நான்கே: அமுக்கம், தீப்பொறி, எரிபொருள், காற்று. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பின்னரே திருகாணியைத் தொடுதல் முறை.

கிளம்ப மறுத்தால்

முதலில் அமுக்கம். கயிற்றின் கைபிடியைப் பற்றி வாளை மெல்லத் தூக்குக. நல்ல இயந்திரமாயின் வாள் கயிற்றிலே தொங்கி, சிறிது சிறிதாகவே இறங்கும். தடையின்றிச் சரிந்து விழுமாயின் அமுக்கம் போதாது. அப்போது புகைபோக்கிப் பெட்டியைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாகப் பிஸ்ரனைப் பார்க்கலாம். அதன் பக்கத்தில் நெடுங்கோடுகளாகக் கீறல் காணப்படின், எத்தனை முறை திருகாணியைத் திருகினும் பயன் இல்லை.

அடுத்தது தீப்பொறி. பிளக்கின் முனை இடைவெளி பெரும்பாலான வாள்களுக்கு 0.5 மில்லிமீற்றர். வீட்டில் பொருத்துவோர் அடிக்கடி தவறவிடுவது மின்சுருளுக்கும் பறப்புச் சில்லுக்கும் இடையேயுள்ள வெளி. அது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். முகவரிச் சீட்டு ஒன்றை இடையில் வைத்து இறுக்கினால் போதும். பறப்புச் சில்லைத் தண்டோடு பிணைக்கும் சிறு ஆப்பு நறுக்குண்டிருந்தால், பொறி தோன்றும். ஆனால் தவறான நேரத்தில் தோன்றும். வாள் கயிற்றைப் பின்னே வெட்டி இழுத்துக் கையை நோகச் செய்யும்.

மூன்றாவது எரிபொருள். கழற்றிய பிளக் நனைந்து கருமையாயிருந்தால் பெற்றோல் மிகுதி; பல முறை இழுத்தும் உலர்ந்தே இருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. தாங்கியினுள்ளே கிடக்கும் வடிகட்டி, குழாயின் வெடிப்பு, காபரேற்றரின் உள்ளே விறைத்துப்போன மெல்லிய தகடு ஆகியவற்றை இவ்வரிசையிலே பார்க்க வேண்டும். சில நிமிடம் ஓடி நிற்கும் வாளின் தாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பின்னர் ஓடுமாயின், தாங்கிக்குக் காற்று விடும் சிறு துவாரம் அடைபட்டிருக்கிறது என்பதே விடை.

இறுதியாகக் காற்று. காற்று வடிகட்டியில் மரத்தூள் படிந்திருந்தால் கழுவி உலர்த்துக. இதனினும் கொடிய குறை வேறொன்றுண்டு. அது வேண்டாத வழியில் நுழையும் காற்று. காபரேற்றரையும் சிலிண்டரையும் இணைக்கும் இறப்பர்க் குழாய் வெடித்தாலோ, கிராங் தண்டின் அடைப்பு வளையம் தேய்ந்தாலோ, விசையை விட்ட பின்னும் இயந்திரம் வேகம் தணியாது இரைந்துகொண்டிருக்கும். திருகாணியால் அந்த இரைச்சலை அடக்கிவிடலாம். ஆனால் அது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று.

சுருதி கூட்டுதல்

நான்கும் சரியெனில் இப்போது திருப்புளியை எடுக்கலாம். தட்டும் கூரிய சங்கிலியும் பூட்டியிருக்க, வாளைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கிய பின்பே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். எல் என்று குறித்த திருகாணி மெதுவோட்டத்துக்கும், எச் என்று குறித்தது முழு வேகத்துக்கும் உரியவை. வலப்பக்கம் திருகினால் பெற்றோல் குறையும். இடப்பக்கம் திருகினால் கூடும். மூன்றாவது திருகாணி மெதுவோட்டத்தின் வேகத்தை மட்டும் நிர்ணயிப்பது. மெதுவோட்டத்தில் இயந்திரம் நில்லாது ஓட வேண்டும். சங்கிலியோ அணுவளவும் அசையலாகாது.

எச் திருகாணியில்தான் இளைஞர் ஏமாறுகின்றனர். அதை இறுக்க இறுக்க வேகம் ஏறும். ஓசை தெளிந்து, வீணை நரம்புபோல் ஒரே சுருதியில் அலறும். கேட்கும் செவிக்கு அது வெற்றி முழக்கம். உண்மையிலோ அது அபாய ஒலி. இரண்டடி இயந்திரத்துக்கு எண்ணெய் தனியாகச் செல்வதில்லை; பெற்றோலோடு கலந்தே செல்கிறது. 50க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். ஆகவே பெற்றோலைக் குறைப்பவர் எண்ணெயையும் குறைக்கிறார். வெப்பம் ஏறுகிறது, பிஸ்ரன் விரிகிறது, சிலிண்டர்ச் சுவரை உரசிக் கீறி இறுகிவிடுகிறது. பல நாள் உழைப்பு சில விநாடியில் பாழ்.

சரியான ஓசை எது? சுமையின்றி முழு வேகத்தில் ஓடும்போது சற்றே கரகரத்துத் தடுமாற வேண்டும். அதே வாளை மரத்தில் வைத்து அரியும்போது அத்தடுமாற்றம் நீங்கித் தெளிவாக ஓட வேண்டும். சில புதிய மின்சுருள்கள் வேகத்தைத் தாமே மட்டுப்படுத்துவதால் இதேபோன்ற கரகரப்பைத் தரும். அத்தகைய வாளுக்குச் செவி போதாது, சுற்றுமானி வேண்டும். பின்பு பிளக்கைப் பாருங்கள். இளங்கபில நிறம் நலம்; வெண்மை ஆபத்து.

சங்கிலியும் தடுப்பும்

1946இல் அமெரிக்காவின் ஓறிகன் மாநிலத்தில் ஜோ கொக்ஸ் என்னும் மரவெட்டி, மரத்தைக் குடைந்து செல்லும் வண்டுப் புழுவின் தாடைகளைக் கவனித்து, அவை இடமும் வலமுமாகச் செதுக்குவதைக் கண்டார். அதைப் பின்பற்றி அவர் அமைத்த சங்கிலியின் வழிவந்ததே இன்றைய சங்கிலி. அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் நீளத்தை இரண்டால் வகுத்தால் சங்கிலியின் அளவு கிடைக்கும், 0.325 அங்குலமும் 0.375 அங்குலமும் பெருவழக்கு. சங்கிலி, பற்சில்லு, தட்டின் மூக்குச் சில்லு ஆகிய மூன்றும் ஒரே அளவாயிருத்தல் கட்டாயம். பல இடத்துப் பாகங்களைச் சேர்ப்போர் இதைத்தான் முதலில் அளக்க வேண்டும். வாள் மரத்துருவலாகத் தள்ளாது மாவாகத் தள்ளினால் குறை இயந்திரத்திலன்று, சங்கிலி மழுங்கியுள்ளது.

நிமிடத்துக்கு 13,000 சுற்று ஓடும் இயந்திரத்தில், ஏழு பற்களுள்ள சில்லின்மேல் 0.325 அங்குலச் சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 25 மீற்றர் விரைகிறது. தட்டின் மூக்கின் மேற்பகுதி மரத்தில் முட்டினால் வாள் முகத்தை நோக்கி எகிறும். தடுக்க நமக்கு நேரமிராது. அந்த நேரத்துக்காகவே கைகாப்போடு இணைந்த பிறேக் உள்ளது. பொருத்தும்போது மிஞ்சிய பாகமென்று அதை ஒதுக்கிவிட்ட வாள், எவ்வளவு இனிமையாக ஓடினும், முற்றுப்பெற்ற வாளன்று. ஓடும் வாளின் கைகாப்பை மணிக்கட்டால் முன்தள்ளியதும் சங்கிலி அக்கணமே நிற்க வேண்டும். நில்லாதாயின் அதனை மரத்தருகே கொண்டுசெல்லலாகாது.

தன் கையாலே ஒன்றை ஆக்கியவனுக்கு அதன் குறையைக் காண மனம் வருவதில்லை. பெற்ற பிள்ளையின் குற்றத்தைக் காணாத தாயைப் போன்றது அது. ஆயினும், அலறலைக் கேட்டு மகிழாமல் கரகரப்பைக் கேட்டு அமைதியடையும் பக்குவம் வந்துவிட்டால், அந்த இளைஞன் வாளை மட்டுமன்று, தொழிலையும் கற்றுவிட்டான் எனலாம்.