பின்னிருக்கைக்கும் உரிமை உண்டு!

முகூர்த்த நாள்களில் காலை ஆறு மணிக்கெல்லாம் கடலூர் - சிதம்பரம் சாலை பரபரப்பாகிவிடுகிறது. ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், பி.முட்லூர் என ஒவ்வோர் ஊரின் கிளைச்சாலையிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் தேசிய நெடுஞ்சாலையில் வந்து சேர்கின்றன. முன்னிருக்கையில் கணவர். பின்னிருக்கையில் பட்டுப்புடவையில் ஒருபுறமாக அமர்ந்த மனைவி. அவரது ஒரு கை கணவரின் தோளில். மறு கையில் கைப்பையோ, தாம்பூலத் தட்டோ, கைக்குழந்தையோ. தலைக்கவசம் ஒன்று இருக்குமானால் அது கணவரின் தலையில் இருக்கும். சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்லும் சரக்கு லாரிகளும், நாகப்பட்டினம் செல்லும் பேருந்துகளும் உரசிச் செல்லும் சாலை அது.

பயணம் இருவருக்கும் பொது. ஆபத்தும் இருவருக்கும் பொது. பாதுகாப்பு மட்டும் ஒருவருக்கு. நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே இந்த ஏற்றத்தாழ்வு நம் கருத்தில் படாமல் போகிறது.

மோட்டார் சைக்கிள் நடுத்தரக் குடும்பத்தின் ஊர்தியாக மாறியதற்கு வலுவான பொருளாதாரக் காரணம் உண்டு. 1980-இல் ஒசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். சிறு வருமானக்காரரும் மனைவியுடன் சந்தைக்கோ, மருத்துவமனைக்கோ, உறவினர் வீட்டுக்கோ நினைத்த நேரத்தில் சென்றுவர அது வழிசெய்தது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 அந்த வசதியை நெடுந்தொலைவுக்கு நீட்டித்தது.

பேருந்தில் இருவர் செல்ல இரண்டு பயணச்சீட்டு வேண்டும். மோட்டார் சைக்கிளில் இரண்டாமவர் ஏறுவதால் கூடும் பெட்ரோல் செலவு மிகச் சிறிது. பொருளாதாரத்தில் இதனை இறுதிநிலைச் செலவு என்பர். கிளைச்சாலைக் கிராமத்தில் நகரப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலான ஏறத்தாழ 45 கிலோமீட்டரை ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிளில் கடக்க முடிவெடுப்பதில் வியப்பில்லை. ஆனால், அந்த இறுதிநிலைச் செலவில் ஒன்று விடுபட்டுவிடுகிறது. அதுதான் பின்னால் அமர்ந்திருப்பவர் சுமக்கும் ஆபத்து.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. தலைக்கவசம் அணியாமல் உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களில் 35,692 பேர் வாகனத்தை ஓட்டியவர்கள். 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அதாவது, தலைக்கவசமின்றிப் பின்னிருக்கையில் பயணித்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 39 பேர் உயிரிழந்திருக்கின்றனர்.

வேகத்தை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர். முந்துவதா, பின்தொடர்வதா என்று தீர்மானித்தவர்களும் அல்லர். ஒருவர் எடுக்கும் முடிவின் விளைவை அம்முடிவில் பங்கில்லாத மற்றொருவர் சுமப்பதைப் புறவிளைவு என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆலைப் புகையை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் பின்னிருக்கையும் அதற்குத் தகுந்த எடுத்துக்காட்டே.

ஒருபுறமாக அமர்வது இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. இருபுறமும் கால்போட்டு அமர்ந்தவர் தொடைகளாலும் பாதங்களாலும் வண்டியைப் பற்றிக்கொள்ள முடியும். ஒருபுறமாக அமர்ந்தவருக்கு ஒற்றைக் கால்மிதியும் ஒரு கைப்பிடியுமே ஆதாரம். எடை ஒரு பக்கமாகச் சாய்வதால் வண்டியின் சமநிலையும் மாறுகிறது. திடீரென வேகம் கூடினாலோ, வேகத்தடையில் பின்சக்கரம் எகிறினாலோ, முதலில் தூக்கி எறியப்படுபவர் அவரே. காற்றில் பறக்கும் முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவது வேறோர் ஆபத்து.

இதனைச் சட்டம் அறியாமலில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆவது விதி, ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்கிறது. அவரது உடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. 'சாரி கார்டு' என்று நாம் அழைக்கும் அந்தக் கம்பித் தடுப்பை, வண்டியின் அழகைக் கெடுக்கிறது என்று கழற்றிவிடும் இளைஞர்கள் பலர்.

தலைக்கவசத்தின் நிலையும் இதுவே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஓட்டுபவர், உடன் செல்பவர் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. இருவரும் கட்டாயம் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 2015-இல் சென்னை உயர்நீதிமன்றமும் அறிவுறுத்தி, அது ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும், பெண்களுக்கு இதில் விலக்கு இருப்பதாகவே சமூகம் கருதிக்கொள்கிறது. தலைநகர் தில்லியில் 2014 ஆகஸ்ட் வரை பெண்கள் தலைக்கவசம் அணிவது விதிப்படியே அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. தலையில் சூடிய பூவும் கொண்டையும் கலைந்துவிடும் என்பது நாம் கூறும் காரணம். தரமான தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் முடிவு. பூச்சூடிய தலைக்கு இந்தக் கணக்கு மாறிவிடாது.

இவற்றையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு ஒரு தவறின் வழியாகவே வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் மனைவி என் வண்டியின் பின்னிருக்கையில் பயணித்தவர். சில ஆண்டுகளுக்கு முன், மழை பெய்த ஒரு மாலையில், வெள்ளைக்கோடோ எச்சரிக்கைப் பலகையோ இல்லாத ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியது. தோளில் இருந்த கையின் அழுத்தம் இல்லை என்பதை உணர்ந்து நான் திரும்பிப் பார்த்தபோது, அவர் இருபதடி பின்னால் சாலையில் கிடந்தார். மணிக்கட்டு முறிவோடு தப்பினார். என் தலையில் கவசம் இருந்தது. அவர் தலையில் இல்லை.

ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்துவந்த காப்பீட்டுப் பத்திரத்தை அதன் பிறகுதான் முழுமையாகப் படித்தேன். நான் எடுத்திருந்தது சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. என் வண்டி மோதினால், சாலையில் நடந்துசெல்லும் முன்பின் அறியாத ஒருவருக்கு அதில் எல்லையற்ற பாதுகாப்பு உண்டு. வண்டியை ஓட்டும் உரிமையாளரான எனக்கு 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. பின்னால் அமர்ந்திருந்த என் மனைவிக்கு எதுவுமில்லை. பொருளாதாரம் கற்பித்தவன் தன் வீட்டின் மிகப்பெரிய இடர்ப்பாட்டைக் கணக்கிடத் தவறியிருந்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தவறன்று. மோட்டார் சைக்கிளில் கட்டணமின்றி உடன் செல்பவர், அந்த வண்டியைப் பொருத்தவரை மூன்றாம் நபர் ஆகார். எனவே கட்டாயக் காப்பீடு அவரைப் பாதுகாக்காது என்று 2006-இல் திலக் சிங் வழக்கிலும், 2008-இல் சுதாகரன் வழக்கிலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'பேக்கேஜ் பாலிசி' எனப்படும் முழுமைக் காப்பீடு எடுத்திருந்தால் பின்னால் அமர்பவருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதைக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை வாயிலாகத் தெளிவுபடுத்தியது. 2012-இல் உச்சநீதிமன்றமும் அதனைக் கருத்தில் கொண்டது. எதிரே வந்த வாகனத்தின் மீது தவறிருந்தால், அந்த வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம். ஆனால், நாய் குறுக்கே வந்தோ, மணலில் சறுக்கியோ, கணவரின் கவனக்குறைவாலோ வண்டி கவிழ்ந்தால், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள குடும்பத்தில் மனைவிக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை.

இழப்பின் அளவு என்ன என்று கேட்போருக்கு ஒரு வழக்கு விடை கூறும். 2014 ஏப்ரலில் தில்லியில் மோட்டார் சைக்கிளில் சென்ற இளந்தம்பதி மீது கார் மோதியது. இருவரும் உயிரிழந்தனர், இரு சிறு பெண் குழந்தைகள் அநாதையாயினர். அந்த வழக்கில் 2021 ஜனவரி 5 அன்று உச்சநீதிமன்றம் இழப்பீட்டை 33.20 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அத்தீர்ப்புடன் தனியாக எழுதிய கருத்துரையில் நீதிபதி என்.வி. ரமணா, 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டினார். ஊதியமில்லாத வீட்டு வேலைகளுக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர் என்பது அதன் கண்டறிதல். இல்லத்தரசியின் உழைப்புக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்று உச்சநீதிமன்றம் ஏற்கிறது. அந்த மதிப்பைச் சுமந்துசெல்லும் பின்னிருக்கைக்கோ கட்டாயக் காப்பீடு இல்லை.

செய்ய வேண்டியவை எளியவை. முதலாவது, இரண்டாவது தலைக்கவசம். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள கவசத்தைக் கணவருக்கும், சாலையோரம் வாங்கிய மலிவுக் கவசத்தை மனைவிக்கும் என்று பிரிப்பதும் கூடாது. புதிய வண்டியுடன் இரண்டு தலைக்கவசங்கள் வழங்கப்பட வேண்டும் என்ற வரைவு விதியை மத்திய அரசு 2025 ஜூனில் வெளியிட்டது. அதற்காகக் குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. உடை அனுமதிக்கும்போதெல்லாம் இருபுறமும் கால்போட்டு அமர்வதும், மனைவி 'போகலாம்' என்று சொன்ன பிறகே வண்டியை நகர்த்துவதும், அவர் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

இரண்டாவது, காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, 'பின்னால் அமர்பவருக்குப் பாதுகாப்பு உண்டா?' என்று கேட்டு, அதனைப் பத்திரத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மேலும், ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால் விபத்தில் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வழங்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர் எவரும் சேரலாம். மனைவியின் பெயரிலான சேமிப்புக் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றே பார்க்கலாம்.

மூன்றாவது, அரசின் கடமை. பின்னால் அமர்பவருக்கும் குறைந்தபட்ச விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். கோடிக்கணக்கான வண்டிகளிடையே பகிரப்படும்போது அதற்கான கூடுதல் கட்டணம் எந்தக் குடும்பத்துக்கும் சுமையாகாது. இந்தியச் சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல், வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. கிராமச் சாலைகளில் அவரவர் விருப்பப்படி எழுப்பிய மேடுகளை அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அளிக்கும்போது, முன்னிருக்கையா பின்னிருக்கையா என்று பார்ப்பதில்லை. காப்பீடும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

பணிபுரியும் பெண்களுக்கு மானிய விலையில் இருசக்கர வாகனம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2018-இல் தொடங்கியது. இன்று மனைவி ஓட்ட, கணவர் பின்னால் அமர்ந்து செல்லும் காட்சியும் அரிதன்று. அப்போது அந்தக் கணவரும் இதே பாதுகாப்பின்மையில்தான் பயணிக்கிறார். ஆகவே, இது பெண்களுக்கான சலுகைக் கோரிக்கை அன்று. ஓர் இருக்கைக்கான நீதி.

கடலூரிலிருந்து அந்தச் சாலையில் சென்று முடியும் சிதம்பரத்தில், ஆடல்வல்லானின் இடது செவியில் பெண்கள் அணியும் தோடு விளங்குகிறது. உடலில் பாதியை உமைக்கு அளித்ததன் அடையாளம் அது. அந்தத் திருவுருவை வணங்கத் தம்பதியாகச் செல்வோர், தாங்கள் செல்லும் வண்டியின் பாதுகாப்பிலும் சரிபாதியைப் பகிர்ந்துகொள்வதே முறை.