கோட்டையும் கோபுரமும் – 11: கணக்குப் பார்ப்பவர், விழா எடுப்பவர்

இந்த வாரம் நாம் பார்க்கவேண்டிய மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. வெயில் தாழ்ந்து கிளம்பினால் நடந்தே முடித்துவிடலாம்.

முதலில் கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயம். சென்னையின் முதல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் காரியின் பேராலயம் இது. 1836இல் இவர் தலைமையில் பாதிரிமார்களும் கம்பெனி உத்தியோகஸ்தர்களும் சர்க்காருக்கு ஒரு மனு போட்டார்கள். கம்பெனி இந்துக் கோயில்களின் காரியங்களில் கலந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பதுதான் மனுவின் சாரம். அன்றைக்குக் கோயில் மானியங்களின் மேற்பார்வை, 1817ஆம் வருடத்து ஏழாவது ரெகுலேஷன்படி வருவாய் வாரியத்தின் கையில் இருந்தது. கலெக்டர் கோயில் கணக்கைப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை. தேர் வடம் பிடிக்க ஆள் திரட்டிக் கொடுத்தார். திருவிழாவுக்குப் பட்டாளம் வந்து மரியாதை செய்தது. இதையெல்லாம் கிறிஸ்தவச் சிப்பாய்கள்மேல் திணிக்க மனம் ஒப்பாமல், 1838இல் சென்னைப் படைத்தலைவர் பெரிகிரின் மெய்ட்லண்ட் பதவியையே விட்டுவிட்டுப் போனார்.

சர்க்காரும் சாமியும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று இந்த ஊரில் உரக்கக் கேட்ட முதல் குரல்களில் ஒன்று இது. ஆனால் கேட்டவர்களுக்கு மதச்சார்பின்மையில் பெரிய பிடிப்பு எதுவும் கிடையாது. அது தங்கள் சாமி இல்லையே என்பதுதான் அவர்களுடைய மனத்தாங்கல்.

கம்பெனி மெல்ல மெல்லக் கையை உதறியது. 1863இல் வந்த சட்டம் கோயில்களை உள்ளூர்க் கமிட்டிகளிடம் விட்டது. அப்புறம் தட்டிக் கேட்க ஆளில்லை. கோயில் சொத்து கண்ட கைகளுக்குப் போயிற்று.

அடுத்த இடம், தி.நகர் பனகல் பூங்கா. சேலைப் பைகளோடு நிழல் தேடி வந்து உட்காருகிறவர்களில் எத்தனை பேருக்கு, சிலையாக நிற்கும் பனகல் அரசர் யாரென்று தெரியுமோ! நீதிக்கட்சி ஆட்சியில் முதன்மந்திரியாக இருந்தவர், காளஹஸ்தியில் பிறந்தவர். 1922இல் இவர் கொண்டுவந்த இந்து அறநிலைய மசோதா 1925இல் சட்டமானது. அது செல்லுமா என்று கேள்வி எழுந்ததால், 1927இல் இன்னொரு முறை இயற்றவேண்டி வந்தது. மதத்துக்கு ஆபத்து என்று கூச்சல் போட்டவர்கள் நிறையப் பேர். பனகலாரின் சட்டம் கேட்டது ஒன்றுதான்: வரவு என்ன, செலவு என்ன?

நூறு வருடம் ஆன பிறகும் அந்தக் கேள்வி நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணக்குப் பார்க்க உள்ளே வந்தவர் எந்த நாளில் விழா எடுப்பவராக மாறினார்?

கிண்டி ராஜ்பவனில் 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்றபோது 'உளமார' உறுதி கூறினார். ஆண்டவன் பெயராலும் கூறலாம், உளமாரவும் கூறலாம். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை இரண்டுக்கும் இடம் தருகிறது. அதே அரசின் இந்து சமய அறநிலையத் துறைக்கு நுங்கம்பாக்கத்தில் தலைமை அலுவலகம். அங்கே நிலைமை நேர்மாறு. 1959ஆம் வருடச் சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி ஆணையர் முதல் அதிகாரிகள் வரை இந்துவாக இருந்தாக வேண்டும். மதம் மாறினால் பதவி போய்விடும். பணியேற்கும்போது பக்கத்துக் கோயிலில் மூலவர் முன்னால் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களைப் படிப்படியாக எடுக்கச் சொல்லி 1968இல், அண்ணா ஆட்சியில், உத்தரவு போட்டதும் இதே தமிழ்நாட்டு அரசுதான்.

இதை இரட்டை வேடம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனசில்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் கபாலீஸ்வரர் கோயிலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்தில், பல சாதிகளையும் சேர்ந்த, முறையாகப் பயிற்சி பெற்ற 24 அர்ச்சகர்கள் பணி ஆணை வாங்கினார்கள். பரம்பரை உரிமையை எடுத்துவிட்டு 1970இல் சட்டத் திருத்தம் வந்து அரை நூற்றாண்டு கழித்து! சர்க்கார் வாசலோடு நின்றிருந்தால் கருவறைக் கதவு அந்த அளவுக்குக்கூடத் திறந்திருக்காது. உள்ளே கை இருந்ததால்தான் அது நடந்தது.

ஆனால் 2022 மார்ச் 1 மகா சிவராத்திரிக்கு மயிலாப்பூரில் அறநிலையத் துறையே மேடை போட்டு விடிய விடிய விழா நடத்தியதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இரண்டு வருடம் கழித்துப் பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு. கோயில்கள் நடத்தும் பள்ளி, கல்லூரி மாணவர்களைக் கொண்டு கந்த சஷ்டி பாராயணம் செய்விக்கலாம் என்று அங்கே தீர்மானம் போட்டபோது, ஆளுங்கட்சியின் கூட்டணிக்குள்ளிருந்தே கண்டனம் வந்தது. மார்க்சிஸ்ட்டுகள் எதிர்த்தார்கள், திராவிடர் கழகத்தின் கி. வீரமணி எதிர்த்தார். அர்ச்சகர் நியமனத்தில் ஒரு குடிமகனின் உரிமை இருக்கிறது. சிவராத்திரி மேடையில் அப்படி எதைக் காட்டுவீர்கள்? என் கண்ணுக்கு ஃப்ளெக்ஸ் போர்டுதான் தெரிகிறது.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் கொடியேற்றத்துக்கும் போலீஸ் வருகிறது, பஸ் விடுகிறார்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கும் மாநகராட்சி தெருவைக் கூட்டுகிறது. கூட்டம் சேருகிற இடத்தில் சர்க்கார் செய்யவேண்டிய வேலை அது. அதற்கு நெற்றியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

நடை கபாலி கோயிலில் முடிகிறது. இங்கே 2016 ஏப்ரல் 3 அன்று கும்பாபிஷேகம். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் என்பதால் நடத்தை விதிகள் அமலில் இருந்த நேரம். ஆளுங்கட்சிக்குச் சாதனை விளம்பரம் செய்யவோ புதுத் திட்டம் அறிவிக்கவோ வழியில்லை. ஆனாலும் மாட வீதிகளில் கால் வைக்க இடமில்லை. கழுத்து வலிக்கக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது கூட்டம், கலசத்துத் தண்ணீர் ஒரு சொட்டாவது தன்மேல் தெறிக்காதா என்று.