திரையில் திருடினால் விசில்! வீட்டில் திருடினால்?

வெண்ணந்தூர் தறிக்காரர் முதல் டவுன் கிளார்க் வரை, 'டகால்டி' படம் என்றால் எல்லோருக்கும் குஷிதான்!

1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவின் மகனே கொள்ளைக்காரன். அந்த வேஷத்தில் எஸ்.ஏ.நடராஜன் வெளுத்துக் கட்டினார்.

2014-ல் 'சதுரங்க வேட்டை'. மண்ணுளிப் பாம்பைக் காட்டியே லட்சங்களைச் சுருட்டுவார் நட்டி. எதிராளியின் பேராசைதான் அவருடைய கள்ளச்சாவி! ஜனங்கள் ரசித்தார்கள். போவது அடுத்தவன் பணமாச்சே!

ஆனால் 2012-ல் பெருந்துறையில் வெடித்த ஈமு கோழி மோசடி? 'ஒன்றரை லட்சம் கட்டு, மாதம் 6 ஆயிரம் வாங்கு' என்ற ஆசை வார்த்தையில் மயங்கியவர்கள் தலையில் துண்டு போட்டார்கள். அப்போது யாரும் விசிலடிக்கவில்லை.

'பணம் டபுள்' என்று எவனாவது கதவைத் தட்டினால் உஷார் அண்ணே! அந்தப் படத்துக்கு டிக்கெட், உங்கள் மொத்தச் சேமிப்பு!