மருந்தடித்தவர் மயங்கி விழுந்தால் பொறுப்பு யாருக்கு?

மருந்தடிக்கப் போனவர் வரப்பில் மயங்கி விழுந்துவிட்டார் என்று சேதி வந்ததும் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். கையுறை போட்டிருந்தாரா? மூக்கில் துணி கட்டியிருந்தாரா? காலையில் சாப்பிட்டாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும். தப்பு அவர்மேல். மருந்தைத் தயாரித்தவர், விற்றவர், வேலைக்குக் கூப்பிட்டவர் எல்லோரும் அந்த நிமிடமே ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால், சட்டம் யாரையும் அவ்வளவு சுலபமாக விட்டுவிடவில்லை.

2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. பலர் சொந்த நிலமில்லாத கூலியாட்கள். அந்த ஆண்டு செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்து அடித்த மருந்து முகத்திலும் மார்பிலும் திரும்ப விழுந்தது. காய்ப்புழுவும் சாறுறிஞ்சியும் சேர்ந்து வந்ததால் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்க்கில் கலந்து அடித்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர் பகுதியிலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள்.

யவத்மாலில் பாதிக்கப்பட்டவர்களில் மூன்று குடும்பத்தார், அதாவது கணவரை இழந்த இரண்டு பெண்களும் உயிர் பிழைத்த ஒருவரும், 2020-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர நீதிமன்றத்துக்கே போனார்கள். 'போலோ' என்ற பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்டோம் என்பது அவர்கள் வாதம். அதில் உள்ள டயாஃபென்தியூரானுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கிடையாது. தயாரித்த சின்ஜென்டா நிறுவனம், தன் மருந்து காரணமில்லை என்று மறுத்தது. வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும், மருந்தடித்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பதோடு விஷயம் முடியவில்லை. எங்களால் கவனமாக இருக்கக்கூடிய பொருளைத்தான் விற்றீர்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

லேபிளில் எழுதினால் போதுமா?

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் மருந்துப் பாட்டிலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. விஷத்தின் அளவைக் காட்டும் நிற முக்கோணம் வேண்டும். சிவப்பு என்றால் கடும் விஷம். மண்டை ஓட்டுப் படமும் இருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் விஷமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மற்றவற்றைவிட விஷம் குறைவு, அவ்வளவுதான். எந்தப் பயிருக்கு, என்ன அளவு, என்ன பாதுகாப்பு, விஷமேறினால் அறிகுறி என்ன, முறிவு மருந்து என்ன என்பதெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் இருக்க வேண்டும். வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும்.

இருக்கத்தான் செய்கிறது. நூறு மில்லி பாட்டிலைச் சுற்றி ஒட்டிய தாளில், பல மொழிகளுக்கு நடுவே, கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது. அதிலும் படிக்கிறவர் ஒருவர், அடிக்கிறவர் ஒருவர். பாட்டிலை வாங்கியவர் நிலத்துக்காரர். டேங்க்கைச் சுமப்பவர் கையில் வருவதோ பக்கெட்டில் ஏற்கெனவே கரைத்த மருந்து. அவர் லேபிளைப் பார்த்திருக்கவே மாட்டார்.

'ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி, உடல் முழுதும் மூடிய உடை அணியவும்' என்று எழுதியாகிவிட்டது. பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயிலில், ஆளுயரப் பருத்திக்குள், பதினாறு லிட்டர் டேங்க்கை முதுகில் போட்டுக்கொண்டு அந்த உடையில் அரை மணி நேரம் நிற்க முடியுமா என்று எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும். கடைப்பிடிக்க முடியாத எச்சரிக்கை வழக்கு வந்தால் கம்பெனிக்கு உதவும், விவசாயிக்கு உதவாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்பது நம்மிடம் உள்ள தவறான தைரியம். தெளிப்பவரின் உடம்புக்குள் மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. மூடி கசியும் டேங்க் முதுகை நனைக்கிறது. நனைந்த சட்டையோடு மதியம்வரை வேலை செய்தால், வாய் வழியே ஒரு சொட்டும் போகாமலே விஷமேறிவிடும்.

சட்டம் யாரைக் கேட்கிறது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் ஏற்படும் பாதிப்புக்கான பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. பொருளில் குறை இருந்தாலோ, பாதிப்பைத் தவிர்க்கப் போதுமான எச்சரிக்கையும் உபயோகிக்கும் முறையும் தராமல் விட்டாலோ தயாரித்தவர் பொறுப்பு. தயாரித்தவர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டால் கடைக்காரரும் பொறுப்பு. விவசாயியும் நுகர்வோர்தான் என்று ஒரு விதை வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதே அத்தியாயத்தின் 87-ஆம் பிரிவு நாம் கவனிக்க வேண்டியது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்காது. கடைக்காரர் வாய்வார்த்தையாக 'இந்த மூன்றையும் கலந்து அடிங்க' என்று சொல்லி, லேபிளில் இல்லாத பயிருக்கு, இல்லாத அளவில் அடித்திருந்தால் யார் சொன்னது என்று எப்படி நிரூபிப்பது? பரிந்துரை செய்கிற கடைக்காரரிடம் அதைப் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதிப் பரிந்துரைகள் அங்கேயே நின்றுவிடும்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு முதலாளி தன் வேலையிடத்துக்காகப் பொருளை வாங்கியிருந்து, அவருக்குத் தயாரித்தவர் எச்சரிக்கையைக் கொடுத்திருந்தால், எச்சரிக்கை போதவில்லை என்று தயாரித்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் காட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் ஆளைக் கூலிக்குக் கூப்பிடுகிற விவசாயியும் இங்கே முதலாளிதான். பாட்டிலில் ஒட்டிய தாளைக் காட்டி, 'உங்களிடம் சொல்லியாயிற்று' என்று கம்பெனி கைகழுவ வழியிருக்கிறது. அதன் பிறகு அந்தக் கூலியாளின் குடும்பம் யார் வீட்டு வாசலில் வந்து நிற்கும்?

கம்பெனியைக் கேள்வி கேட்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஆள் விட்டு மருந்தடிப்பவர்கள் சில செலவுகளைச் செய்துதான் ஆக வேண்டும். ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வீட்டில் இருக்கட்டும். கசியும் டேங்க்குக்கு வாஷர் மாற்றுங்கள். முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவே ஒரு பாலித்தீன் தாளைக் கட்டிவிடுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் அடித்து முடித்து, முழுக் கூலியையும் கொடுத்துவிடுங்கள். அரைநாள் கூலி என்றால் அவர் உச்சிவெயிலிலும் அடிக்கத்தான் செய்வார். வரப்பில் சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் இருக்கட்டும்.

விபத்து நடந்துவிட்டால்

அதிக வியர்வை, எச்சில் வடிதல், கண்ணில் நீர், வாந்தி, மூச்சுத்திணறல் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே சட்டையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்துப் பாட்டிலும் கூடவே போக வேண்டும். மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள். பாராக்வாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. என்ன மருந்து என்று தெரியாமல் டாக்டர் தடுமாறும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

பிறகு அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, கடை பில், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அதே பேட்ச்சில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பில் இல்லாமல் வாங்கிய மருந்துக்கு வழக்கு நடத்துவது மிகவும் கடினம்.