சாகாத உயிரணுக்களைத் தேடி

எபோலா வைரஸ் உயிரணுவுக்குள் நுழையும் வழியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று திருத்துறைப்பூண்டி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நம் மரபணுக்கள் தரும் புரதங்களின் உதவியில்லாமல் எந்த வைரஸும் பெருகாது. சுமார் 20,000 மரபணுக்களில் உதவுபவை எவை? ஓர் உயிரணுவில் ஒன்று என்று ஒவ்வொரு மரபணுவையும் கெடுத்து, எல்லாவற்றின் மீதும் வைரஸை ஏவவேண்டும். சாகாமல் நிற்பவற்றில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று பிடுங்கிப் பார்த்தபோது ஒரு விளக்கும் அணையவில்லை, இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உயிரணுவிலும் ஒரு பிரதி கெட்டால் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் என்னை வியக்கவைக்கும் ஹாப்1 என்ற உயிரணு வகை வருகிறது. ரத்தப் புற்றுநோயாளி ஒருவரிடமிருந்து வந்த கேபிஎம்7 என்ற உயிரணுக்களில் எட்டாவது தவிர மற்ற குரோமோசோம்கள் எல்லாம் ஒற்றைப் பிரதிதான். அவற்றைக் குருத்தணுக்களாக மாற்ற ஆய்வாளர்கள் முயன்றார்கள்; முடியவில்லை. ஆனால் அம்முயற்சியில் பிறந்த ஹாப்1 உயிரணுவில் எட்டாவதும் ஒற்றையாகிவிட்டது. ஒரு மரபணுவைக் கெடுத்தால் கெட்டதுதான், மாற்று கிடையாது.

2011இல் யான் காரெட், தைன் புரம்மெல்காம்ப், கார்த்திக் சந்திரன் உள்ளிட்டோர் இவற்றில் பரிசோதித்தார்கள். நிஜ எபோலாவுக்குப் பதில், அதன் மேற்புரதத்தைப் போர்த்திய கால்நடை வைரஸ் ஒன்றை ஏவினார்கள். பிழைத்த உயிரணுக்களில் திரும்பத் திரும்பக் கெட்டிருந்தது என்பிசி1 மரபணு. அது தரும் புரதம் உயிரணுவின் வெளிச்சுவரில் இல்லை. உள்ளே, செரிமானப் பைகளின் சவ்வில் இருந்து கொழுப்பைக் கடத்துகிறது. வைரஸை உயிரணுவே விழுங்கி இந்தப் பைகளுக்குள் கொண்டுசெல்கிறது. அங்குள்ள நொதிகள் வைரஸின் மேற்புரதத்தை நறுக்கிய பிறகுதான் அது என்பிசி1ஐப் பற்றிக்கொள்கிறது.

அந்த மரபணு கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு நீமன்-பிக் சி என்ற கொடிய நரம்புச் சிதைவு நோய் வரும். அந்நோயாளிகளின் தோல் உயிரணுக்களுக்குள் எபோலாவால் புக முடியவில்லை. அந்த உயிரணுக்கள் ஆய்வுக்கு இவ்வளவு உதவின. நோயாளிகளுக்கோ உதவி தாமதமாகத்தான் வந்தது. மரபணு 1997இலேயே தெரிந்திருந்தும், அமெரிக்காவில் இந்நோய்க்கென முதல் மருந்துகள் ஒப்புதல் பெற்றது 2024 செப்டம்பரில்தான். சிலருக்கே வரும் நோய் என்று ஒதுக்குவது அநியாயம். அரிய நோய்களுக்கான ஆய்வுக்கு அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.