சக்கரம் நின்றது, பஸ் நிற்கவில்லை!

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. இறக்கத்தில் ஒரு வளைவு. எதிரே ஒரு லோரி. டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பஸ் குறுக்காகத் திரும்பி, வழுக்கிக்கொண்டே போய், ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. கீழே இறங்கிய டிரைவர் அண்ணனின் கைகள் நடுங்கின. "பிரேக் நல்லாத்தான் புடிச்சிச்சு வாத்தியாரே. சக்கரம் நின்னுருச்சு, பஸ்தான் நிக்கல" என்றார்.

பிரேக் பிடித்தும் வண்டி நிற்காதா? நிற்காதுதான். உருளும் சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ளும். சுழற்சி அடியோடு நின்றுவிட்டால் அது வழுக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி சொன்னபடி கேட்காது.

பெரிய பஸ்களையும் லோரிகளையும் நிறுத்துவது அழுத்தப்பட்ட காற்று. 1869இல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்காகக் காற்று பிரேக்கை உருவாக்கினார். பின்னாளில் அது லோரிக்கும் வந்தது. தொட்டியில் அடைத்த காற்று, மிதியை அழுத்தியதும் குழாய் வழியே பாய்ந்து பிரேக்கை இறுக்குகிறது. ஆனால் எந்த அளவில் இறுக்கினால் சக்கரம் வழுக்கும் என்பது காற்றுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்வதுதான் 'ஏ.பி.எஸ்.' என்னும் வழுக்கல் தடுப்புக் கருவி. சக்கரத்தோடு ஒரு பல்சக்கரம் சுற்றும். பக்கத்திலுள்ள உணர்கருவி அதன் வேகத்தை ஒரு சிறு கணினிக்குச் சொல்லும். சக்கரம் நின்றுவிடப்போகிறது என்று தெரிந்ததும், கணினி வால்வைத் திறந்து காற்றைச் சற்றே விடும். உடனே மீண்டும் அழுத்தும். ஒரு நொடிக்குள் இப்படிப் பலமுறை! மனிதக் காலால் ஆகிற காரியமா இது?

இந்தக் கருவி எளிதில் வந்துவிடவில்லை. 1975இல் அமெரிக்கா கொண்டுவந்த கடுமையான பிரேக் விதிக்காக அவசரமாகப் பொருத்திய கருவிகள் அடிக்கடி பழுதாயின. 1978இல் நீதிமன்றம் அந்த விதியின் முக்கியப் பகுதியைத் தள்ளுபடி செய்தது. 1981இல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸும் வாப்கோவும் நம்பத்தக்க கருவியை லோரிகளுக்குக் கொண்டுவந்தன. 1997இல் அமெரிக்கா புதிய இழுவை லோரிகளுக்கு அதை மீண்டும் கட்டாயமாக்கியது.

அதற்கும் அடுத்த படி 'இ.பி.எஸ்.' நீண்ட வண்டியில் காற்று பின்சக்கரம் வரை போய்ச் சேரச் சற்று நேரமாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதித்தாலும் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும்! இ.பி.எஸ்.ஸில் மிதியின் கட்டளை மின்சாரமாகப் பாய்கிறது. சக்கரத்தருகே காற்று வேலையைச் செய்கிறது. 1996இல் வந்த ஆக்ட்ரோஸ் லோரியில் இது இருந்தது.

ஆனால் பெற்றோர்களே, கருவி இருக்கிறதென்று மலைத்துவிடக் கூடாது. தேய்ந்த டயரையும் பிரேக் கட்டையையும் எந்தக் கணினியாலும் புதுப்பிக்க முடியாது. தோட்டத்துச் சரளைப் பாதையில் ஏ.பி.எஸ். இருந்தால் வண்டி இன்னும் சற்றுத் தள்ளியே நிற்கக்கூடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். சிறிய கியரில்தான் இறங்க வேண்டும். காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரையும் வெளியேற்றிவர வேண்டும்.

நம் வீடுகளில் லோரியும் பஸ்ஸும் ஓட்டுகிற அண்ணன் தம்பிமார் உண்டு. வண்டி கிளம்பிய பிறகும் ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால், சாதாரண பிரேக் வேலை செய்யும். வழுக்கல் தடுப்பு வேலை செய்யாது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள்.