தளவிளைவைக் கலைப்பது எப்படி?

போலராய்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு எல்.சி.டி. கணினித் திரையைப் பாருங்கள். தலையை மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அங்கிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதுதான் காரணம். பிளஸ் டூ இயற்பியலில் படித்த தளவிளைவுதான்.

சாதாரண ஒளியை இப்படி மாற்றுவது சுலபம். ஒரு போலராய்டு தாள் போதும். மற்ற அதிர்வுகளை அது விழுங்கிவிடும். திரும்பிப் போவதுதான் சிக்கல்.

மலிவான வழி ஒன்று உண்டு. திரைமேல் வெள்ளைத் தாளை வைத்தால், ஒளி இழைகளில் பலமுறை சிதறி அதிர்வுத் தளம் குலைந்துபோகும். கூடவே படமும் போய்விடும். தளவிளைவை நம்பும் 3டி படங்களுக்குச் சாதாரண வெண்திரை ஆகாது, வெள்ளிப்பூச்சுத் திரைதான் வேண்டும் என்பதும் இதனால்தான்.

படம் கெடாத வழியைத் தந்தவர் பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ. கிரகணத்துக்குக் காத்திராமல் சூரியனின் கரோனாவைப் பார்க்கக் கருவி செய்தவரும் இவரே. இரண்டு குவார்ட்ஸ் தகடுகள். ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு தடிமன். ஒளி அச்சுகளுக்கு இடையே 45 டிகிரி. அவ்வளவுதான். குவார்ட்ஸுக்குள் ஒளி இரண்டு கூறுகளாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போகிறது. பின்தங்கும் அளவு நிறத்துக்கு நிறம் மாறும். ஆகவே ஒரு நிறம் நேர்க்கோட்டில் அதிர்ந்து வெளியேறினால், அடுத்தது நீள்வட்டமாக, அதற்கடுத்தது வட்டமாக வரும். எல்லாம் கலந்தபின் எந்தத் தளத்துக்கும் சலுகை இல்லை. ஒரு தகடு ஏன் போதாது? அதன் அச்சோடு ஒத்து அதிரும் ஒளி மாறாமலே தப்பிவிடும். இரண்டாவது தகடு அதைப் பிடிக்கிறது. தடிமன் சமமாக இருந்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று ஓரளவு அழித்துவிடும்.

கண்டிப்பாகப் பார்த்தால் இது கலைப்பதல்ல, கலப்பதுதான். நிறங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் தளவிளைவு அப்படியே இருக்கும். ஒற்றை நிற லேசரிடம் லியோவின் தகடுகள் செல்லாது. அங்கே ஆப்பு வடிவக் குவார்ட்ஸ் உதவும்: இடத்துக்கு இடம் தடிமன் மாறுவதால், கற்றையின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு விதமாக அதிர்ந்து வெளிவரும்.

நாசா 2004-இல் ஏவிய ஆரா செயற்கைக்கோளின் ஓசோன் அளவிக்குத் தளவிளைவு ஒரு தொல்லை. வளிமண்டலத்தில் சிதறிவரும் ஒளியில் தளவிளைவு உண்டு. அது அளவீட்டைப் பிசகச் செய்யும். நிறம் பிரிப்பதே அந்தக் கருவியின் வேலை என்பதால், அதற்குள் வைத்தது ஆப்பு வடிவக் குவார்ட்ஸைத்தான்.